'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும் ஹார்ட் டிஸ்க்

கேள்வி: என் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மேசையிலிருந்து விழுந்துவிட்டது. செருகினால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது. உள்ளே 8 வருடக் குடும்பப் படங்கள். எந்த ரெக்கவரி மென்பொருளை வாங்கலாம்?

பதில்: ஃபார்மட்டுக்கு 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கும் ஓட்டாதீர்கள், அது டிஸ்க்கிலேயே எழுதித் திருத்தப் பார்க்கும். காசு கொடுத்து இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம்.

டிஸ்க் 'டக் டக்' என்று தட்டுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் தகவலைப் படிக்கும் முனையான ஹெட் அடிபட்டிருக்கும். அதற்கு மென்பொருளே கிடையாது. உடனே கழற்றிவிட்டு, சுத்த அறை வசதியுள்ள டேட்டா ரெக்கவரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். சாதாரணக் கடையில் மூடியைத் திறக்க விடவே கூடாது. அங்கே தூசி படிந்தால் ஆய்வகத்தாலும் மீட்க முடியாமல் போகலாம்.

சத்தம் இல்லையென்றால், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி5 வரிசையைப் பாருங்கள். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களின் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகளின்) கணக்கு அது. அங்கே பூஜ்ஜியம் இல்லையென்றால், ரெக்கவரி மென்பொருளை நேரடியாக ஓட்டுவது ஆபத்து. கெட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப முட்டி, மிச்சமிருக்கும் உயிரையும் எடுத்துவிடும். பலர் படங்களை இழப்பது விழுந்த அன்றல்ல, இந்தக் கட்டத்தில்தான்.

அதனால் முதலில் முழு நகல். லினக்ஸில் ஓடும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி இலவசம். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்டதைக் கடைசியில்தான் தொடும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு கொடுத்துவிட்டால் நடுவில் நிறுத்தி அப்புறம் தொடரலாம். நகல் எடுக்க அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க் வேண்டும். கட்டளையில் மூலம் (விழுந்த டிஸ்க்) முதலில், நகல் (புது டிஸ்க்) இரண்டாவது. மாறிப்போனால் படங்கள் மேலேயே எழுதிவிடும். டிஸ்க்கின் மாடலையும் அளவையும் இரண்டு முறை சரிபாருங்கள்.

இனி நகலின் மேல் தேடலாம். எனக்குப் பிடித்த ரெக்கவரி மென்பொருள் டிஎம்டிஇ. ஃபோல்டர் பெயர்களும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். இலவசப் பதிப்பே ஒரு தடவைக்கு 4,000 கோப்புகள் வரை எடுத்துத் தரும். அதில் கிடைக்காததற்கு போட்டோரெக் என்ற இன்னொரு மென்பொருள். அது கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடுவதால் படம் வரும், பெயர் வராது. கட்டண மென்பொருள்தான் வேண்டுமென்றால், சோதனைப் பதிப்பின் முன்னோட்டத்தில் உங்கள் படங்கள் முழுதாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.