தடைக்காலத்துக்கு முன் கணினியை மாற்றலாமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். வயது 26, இன்னும் திருமணமாகவில்லை. மாதச் சம்பளம் 22,000 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால் அந்த இரண்டு மாதமும் பாதிச் சம்பளம்தான். வீட்டுக்கு 12,000, என் செலவுக்கு 4,000, ஏலச்சீட்டுக்கு 2,000 போகிறது. கையில் 41,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது. 2020-இல் வாங்கிய என் கணினியில் ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒன்று, 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் ஆகியவை உள்ளன. புதிய விளையாட்டுகள் திக்கித் திக்கி ஓடுகின்றன. இதில் விண்டோஸ் 11 ஏறாது என்றும், எல்லாவற்றையும் மாற்றி 12 மாதத் தவணையில், மாதம் 8,000 வீதம், வட்டியில்லாமல் புதிதாகத் தருவதாகவும் கடைக்காரர் சொல்கிறார். மொத்தமாகக் கொடுத்தால் 91,000 ரூபாயாம். தடைக்காலத்தில்தான் எனக்கு விளையாட நேரம் கிடைக்கும் என்பதால் மார்ச் மாதமே வாங்க நினைக்கிறேன். சீட்டை எடுத்துவிடலாமா, தவணையில் போகலாமா?

பதில்: ஆண்டு முழுவதும் விடியற்காலையில் மீன் ஏலக்கூடத்துக்கு ஓடுகிறவர், ஓய்வு கிடைக்கும் இரண்டு மாதத்தில் தனக்குப் பிடித்ததைச் செய்ய ஆசைப்படுவதில் எந்தத் தவறும் இல்லை; இதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்கு நேரம் இருக்கும் இரண்டு மாதமும் கையில் காசு குறைவாக இருக்கும் இரண்டு மாதமும் ஒன்றாகவே வருகின்றன. உங்கள் கேள்வியின் முடிச்சு அங்குதான் இருக்கிறது.

முதலில் தவணைக் கணக்கைப் பார்ப்போம். வழக்கமான மாதத்தில் வீட்டுக்கும் உங்கள் செலவுக்கும் சீட்டுக்கும் 18,000 போக மிச்சம் 4,000 ரூபாய்தான். அதில் 8,000 தவணை கட்டினால் மாதம் 4,000 குறையும்; பத்து மாதத்துக்கு அது 40,000. தடைக்காலத்தில் 11,000 சம்பளத்தில் 18,000 செலவும் 8,000 தவணையும் என்றால் மாதம் 15,000 குறையும். இரண்டு மாதத்துக்கு 30,000. ஆக ஓராண்டில் 70,000 ரூபாய்ப் பள்ளம். சேமிப்பு 41,000-ஐயும் முழுதாகக் கரைத்து, ஒரு மாதச் சம்பளத்துக்கு ஈடாகத் தீபாவளி போனஸ் 22,000 கிடைத்து, அதையும் அப்படியே போட்டாலும் 7,000 துண்டு விழுகிறது. நடுவில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அம்மாவின் வளையல்தான் அடகுக்குப் போகும். நீங்கள் படகுத் தொழிலாளி இல்லை என்பதால் மீனவர் குடும்பங்களுக்கு அரசு தரும் தடைக்கால நிவாரணமும் உங்கள் பெயரில் வராது என்பதை நினைவில் வையுங்கள்.

வட்டியில்லை என்று கடைக்காரர் சொல்வதையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் 91,000, தவணையில் 96,000. இடையில் இருக்கும் 5,000 ரூபாய் வட்டியேதான், வேறு பெயரில் வருகிறது. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போவதைக் கணக்கில் எடுத்தால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் ஆகிறது. பிராசசிங் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் தனி. பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறது. 10 சதவீதம் கொடுமையான வட்டி என்று சொல்ல வரவில்லை. ஒரு தவணை தவறினால் விழும் அபராதம்தான் கொடுமை, உங்கள் வருமானத்தில் அது எந்த மாதம் தவறும் என்பது இப்போதே தெரிகிறது. சீட்டைப் பொறுத்தவரை, அவசரத்துக்குத் தள்ளி, அதாவது ஏலத்தில் தொகையைக் குறைத்துக் கேட்டு, எடுத்தால் கழிவு போகத்தான் கையில் வரும். மீதி மாதங்களுக்கும் பணம் கட்டியே ஆக வேண்டும். ஆசைக்காகச் சீட்டைத் தள்ளி எடுக்க வேண்டாம்.

அப்படியானால் எவ்வளவு செலவு செய்யலாம்? தடைக்காலத்தில் மாதம் 7,000 வீதம் குறையப்போகும் 14,000 ரூபாயை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். அவசரத்துக்கு என்று இன்னும் 8,000 இருக்கட்டும். 41,000-இல் இந்த 22,000 போக மிச்சமிருக்கும் 19,000 ரூபாய்தான் உங்களுடைய கணினிப் பணம். இது குறைவான தொகை இல்லை, சரியான இடத்தில் போட்டால்.

சரியான இடம் எது என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதைவிட உங்கள் கணினியிடமே கேட்கலாம். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்து எழுதி அனுப்பும்படி நான் கேட்டிருந்தேன். நீங்கள் அனுப்பியிருப்பது இது: ரேம் 8-இல் 7.4 ஜிபி நிரம்பியிருக்கிறது, புதிய காட்சி திறக்கும்போதெல்லாம் டிஸ்க் 100 சதவீதம், கிராஃபிக்ஸ் கார்டு 98, பிராசசர் 55. இந்த நான்கு எண்களும் கணினியின் மருத்துவச் சீட்டு போன்றவை. ரேமும் டிஸ்க்கும் மூச்சுத் திணறுகின்றன, அதனால்தான் திக்குகிறது. கார்டு தன் முழுப் பலத்தையும் கொடுத்துவிட்டது, அதனால்தான் காட்சிகள் மெதுவாக வருகின்றன. பிராசசருக்கு இன்னும் பாதித் தெம்பு மிச்சம் இருக்கிறது. கடைக்காரரின் 91,000-இல் பெரும் பகுதி, தெம்பு மிச்சம் இருக்கும் பிராசசரையும் அதோடு சேர்ந்த மதர்போர்டையும் மாற்றத்தான் போகிறது. புதிய பிராசசர்களுக்கான ஏஎம்5 ரக மதர்போர்டில் டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் மட்டுமே பொருந்தும் என்பதால் உங்களிடம் இருக்கும் முந்தைய தலைமுறை டிடிஆர்4 ரேமும் கழிவாகிவிடும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான நினைவகத்தின் பக்கம் உற்பத்தியாளர்கள் திரும்பியதால் 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கும் நேரத்தில், கையில் இருக்கும் ரேமைத் தூக்கிப் போடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

விண்டோஸ் 11 ஏறாது என்பதும் சரியில்லை. ரைசன் 5 2600 மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பிராசசர் பட்டியலில் இருக்கிறது. கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில், டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் இயக்கிவிட்டால் போதும், அதற்குக் காசு எதுவும் இல்லை. ஆனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. சம்பளக் கணக்கின் நெட் பேங்கிங்கை அதே கணினியில் திறக்கிறீர்கள் என்றால் விளையாட்டைவிட இதுதான் முதல் கவலை.

அதே கடை உங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்த விலைப்பட்டியலை வைத்தே சொல்கிறேன். 550 வாட் பவர் சப்ளை 4,800. பழையதற்கு ஜோடியாக 8 ஜிபி டிடிஆர்4 ரேம் 5,500. ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பான எஸ்எஸ்டி, 500 ஜிபி, 5,200. மொத்தம் 15,500 ரூபாய். இந்த மூன்றையும் மார்ச்சிலேயே ரொக்கமாக வாங்கிவிடுங்கள். ரேம் இரண்டாகும்போது அளவு மட்டும் கூடுவதில்லை. இரண்டு தடங்களில் ஒரே நேரத்தில் தரவு போவதால் வேகமும் கூடும். எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றி, அடிக்கடி விளையாடுவதை அதிலேயே வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் படங்களுக்கும் கணக்குக் கோப்புகளுக்கும் இருக்கட்டும்.

பவர் சப்ளையை மாற்றியவுடன் திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. இருந்தாலும் அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். கேபினெட்டோடு சேர்ந்து வந்த பெயரில்லாத 450 வாட் பவர் சப்ளை, கடற்கரையில் ஆறு வருடம் ஓடியிருக்கிறது; அது போகும்போது தனியாகப் போகாமல் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகக்கூடும். உங்கள் ஜிடிஎக்ஸ் 1650 வெறும் 75 வாட்டில் ஓடுவது, பெரும்பாலும் மதர்போர்டு துளையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அடுத்து வரும் கார்டுக்குத் தனியாக எட்டு முனை ஒயர் வேண்டும்; மலிவான பவர் சப்ளைகள் பலவற்றில் அந்த ஒயரே இருக்காது.

இவற்றோடு நிறுத்திவிட்டுத் தடைக்காலத்தைக் கழியுங்கள். திக்கல் பெரும்பாலும் போய்விடும். காட்சித் தரத்தை ஒரு படி குறைத்து வைத்தால் இப்போதைய கார்டிலேயே விளையாட முடியும்.

கார்டைத் தீபாவளிக்குள் வாங்கலாம். ஜூலை முதல் அக்டோபர் வரை மாதம் 4,000 வீதம் 16,000, போனஸில் பாதி 11,000, ஆக 27,000. பட்டியலில் ஆர்எக்ஸ் 7600 கார்டு சரியாக அந்த விலையில் இருக்கிறது. 33,000 ரூபாய் ஆர்டிஎக்ஸ் 5060 அதைவிட வேகமானது என்பதில் ஐயமில்லை, மின்சாரமும் குறைவு. 165 வாட்டுக்கு எதிராக 145 வாட். ஆனால் உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். நொடிக்கு 60 படங்களுக்கு மேல் கார்டு எத்தனை வரைந்தாலும் அந்தத் திரை அவற்றைக் காட்டாது. கூடுதலாகக் கொடுக்கும் 6,000 ரூபாய் கண்ணுக்குத் தெரியாத படங்களுக்குத்தான் போகும். இரண்டிலும் 8 ஜிபி நினைவகம்தான். இரண்டுமே மதர்போர்டோடு எட்டுத் தடங்களில் மட்டும் தரவைப் பரிமாறுபவை, அதனால் பி450 போர்டின் பழைய பிசிஐ 3.0 துளையில் சற்று வேகம் குறையும். 1080பி (முழு எச்டி) திரையில் அது பொருட்படுத்தும் அளவு இருக்காது. மானிட்டரையும் மாற்றப்போகிறேன் என்று இரண்டு வருடத் திட்டம் வைத்திருந்தால் மட்டும் 5060-ஐ யோசியுங்கள்.

பிராசசர் கடைசி. கார்டு வந்த பிறகு அதே டாஸ்க் மேனேஜர் சோதனையை மீண்டும் செய்யுங்கள். கார்டு 70 சதவீதத்தில் நிற்க, படங்களும் 60-ஐத் தொடவில்லை என்றால் மட்டும் பட்டியலில் 11,500-க்கு இருக்கும் ரைசன் 5 5600-ஐ வாங்குங்கள். அதே பி450 போர்டில், அதே ரேமோடு பொருந்தும். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும்; அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் மதர்போர்டு செத்துவிடலாம் என்பதால், ஐப்பசி கார்த்திகைக் காற்றில் வயர் உரசிக் கரண்ட் போகும் நம் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். 19,000-இல் இப்போது மிஞ்சும் 3,500-க்குச் சின்ன யூபிஎஸ் ஒன்றை வாங்கிவிட வேண்டாம். புதிய கார்டோடு சேர்ந்தால் மொத்தத் தேவை 300 வாட்டைத் தாண்டக்கூடும், 600 விஏ திறனுள்ள யூபிஎஸ் திணறும். அந்தப் பணத்தை 1,000 விஏ யூபிஎஸ்ஸுக்கு முன்பணமாக வைத்திருங்கள். எல்லாம் வாங்கி முடித்தாலும் பாகங்களுக்கு 54,000 ரூபாய்தான் ஆகும், அதுவும் ஒரு ரூபாய் கடனில்லாமல்.

துபாயில் இருக்கும் நண்பர் கார்டைக் கொண்டுவருவார் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அங்கே வரி 5 சதவீதம், இங்கே ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் விலை குறைவாகத் தெரிவது இயல்பு. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பல வீடுகளின் மின்சாதனங்கள் அப்படி வந்தவைதான். ஆனால் கார்டுக்கான மூன்று வருட வாரண்டி பல கம்பெனிகளில் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். இந்தியாவில் செல்லும் என்று அந்தக் கம்பெனியின் சேவை மையம் எழுத்தில் சொன்னால் வாங்குங்கள், இல்லாவிட்டால் சீரியல் எண் குறித்த ஜிஎஸ்டி பில்லோடு இங்கேயே வாங்குவது நல்லது.

வாரண்டியைப் பேசும்போது உப்புக்காற்றையும் பேச வேண்டும், ஏனென்றால் துருவுக்கும் அரிப்புக்கும் வாரண்டி பெரும்பாலும் கிடையாது. பாம்பனில் கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்திருந்த என் அலுவலகக் கணினி ஒருநாள் காலையில் உயிர் பெறவில்லை. பக்கப் பலகையைக் கழற்றியபோது திருகாணித் தலைகள் காப்பித்தூள் நிறத்தில் உதிர்ந்தன; விசிறி இறக்கையில் விரலை வைத்தால் ஈரமாவு போல ஒட்டியது, நாக்கில் வைக்காமலே உப்பென்று தெரிந்தது. ரேமைப் பிடுங்கி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெல்லத் தேய்த்துச் செருகினேன், ஓடியது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது, படிந்த உப்பு நீரை இழுத்துத் தானே கசியத் தொடங்கும். மண்டபத்தில் பல இரவுகள் அப்படித்தான். ஆகவே கணினியைக் கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றுங்கள். ஓடி முடித்து அரைமணி நேரம் ஆறிய பிறகு துணி போட்டு மூடுங்கள். வாரக்கணக்கில் அணைத்தே வைக்காமல் தினமும் சிறிது நேரமாவது ஓடவிடுங்கள், உள்வெப்பம் ஈரத்தை விரட்டும். மாதம் ஒருமுறை மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பழைய கார்டை யாரிடமாவது வாங்க நேர்ந்தால், விலை பேசுவதற்கு முன் கேபிள் செருகும் துளைகளையும் பின்தகட்டுத் திருகுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைப் பொடியோ வெள்ளைப் படிவமோ தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.