முதல் டெர்மில் ஜோஷ் (உற்சாகம்) போய்விட்டால்

கேள்வி: கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமியில் முதல் டெர்ம் கேடட் நான். ஆசைப்பட்டு வந்த இடம்தான். இப்போது ஏன்தான் விடிகிறதோ என்றிருக்கிறது. ட்ரில் ஸ்கொயர் டெஸ்ட்டில் (அணிவகுப்புப் பயிற்சித் தேர்வு) ஃபெயில். கயிறு ஏற முடியவில்லை. இந்தியும் புரியவில்லை. கிளம்பிவிடலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: முதலில் ட்ரில், மற்றதெல்லாம் அப்புறம். அந்த டெஸ்ட் தேறாதவரை வெளியே போக லிபர்ட்டி, அதாவது அனுமதி, கிடையாது. கூட வந்தவர்கள் புனே போய்த் திரும்ப, நீங்கள் மட்டும் ஸ்க்வாட்ரன் விடுதியிலேயே கிடந்தால் யாருக்கும் மனசு விட்டுத்தான் போகும்.

இந்தி பழகாத பிள்ளைகளுக்கு இதில் சிக்கல் பெரும்பாலும் காதில்தான். கட்டளை இரண்டு துண்டாக வரும். ‘தாஹினே’ என்பது எச்சரிக்கை. ‘முட்’ என்றதும்தான் திரும்ப வேண்டும். சொல் புரியாதவர் பக்கத்து ஆளைப் பார்த்துத் திரும்புவார், அரை நொடி பிந்தும், உஸ்தாத் (ட்ரில் சொல்லித் தருபவர்) கண்ணில் அதுதான் முதலில் படும். இரவில் பத்து நிமிடம் ஒரு கோர்ஸ்மேட்டைக் கட்டளை சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள். தாஹினே வலது, பாயே இடது. ‘பீச்சே முட்’ (பின்பக்கம் திரும்பு) எப்போதும் வலப்பக்கமாகத்தான்: வலது குதிகாலிலும் இடது முன்பாதத்திலும் சுழல வேண்டும். சாவ்தானில் (அட்டென்ஷன்) குதிகால்கள் ஒட்டி, பாதங்களுக்கு நடுவே 30 டிகிரி. விஸ்ராமில் (கால் அகற்றி நிற்பது) 12 அங்குல இடைவெளி. தேஜ் சலில் (வேக நடை) முழங்கை மடங்கினால் போச்சு. அதைக் கண்ணாடி முன் நின்று நீங்களே பிடித்துவிடலாம்.

கயிற்றுக்குக் கை பலம் போதவில்லை என்று புல்-அப் மட்டும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பாதி வேலை காலுக்கு. முழங்காலை மார்புப் பக்கம் இழுத்து, கயிறு ஒரு கால் பூட்ஸின் மேல் படிய, மற்றக் கால் பூட்ஸால் அதை மிதித்து இறுக்குங்கள். அந்தப் பிடியில் எழுந்து நின்ற பிறகுதான் கை மேலே போக வேண்டும். வெறும் கையால் இழுத்தால் நடுவழியிலேயே முன்கை இறுகி விரல் விட்டுவிடும். இறங்கும்போது வழுக்கி வராதீர்கள். உள்ளங்கை உரிந்தால் சில நாள் கயிறைத் தொடவே முடியாது.

கீழ்க்காலின் முன் எலும்பில், விரல் வைக்கும் ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்து, ஓய்விலும் நிற்கவில்லையென்றால் எம்.ஐ. ரூமுக்கு (மருத்துவப் பரிசோதனை அறை) போய்விடுங்கள். மறைத்து ஓடினால் எலும்புக் கீறல் பெரிதாகி, வாரக்கணக்கில் பயிற்சி தவறி, ரெலிகேஷனில், அதாவது பின்தள்ளப்பட்டு, ஒரு டெர்ம் பின்னால் போக நேரும். வீரம் காட்ட வேண்டிய இடம் அதுவல்ல. சில்லறைத் தண்டனைகள் வேறு ஆளைச் சாகடிக்கும். சைக்கிள் டயரில் காற்று இருக்கிறதா என்று முந்தின இரவே பார்த்து வைத்தால் காலை அவசரத்தில் ஒரு தண்டனை குறையும்.

கிளம்பும் முடிவைத் தண்டனை வாங்கிய இரவில் எடுக்காதீர்கள். டெர்ம் முடிந்து வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அதே எண்ணம் இருந்தால் டிவிஷனல் ஆபீசரிடம் (உங்களைக் கவனிக்கும் அதிகாரி) நேராகச் சொல்லுங்கள். சொந்தக் காரணத்துக்காக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கலாம் என்ற பத்திரத்தில் உங்கள் பெற்றோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களிடமும் முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி: மகன் போனில் அழுகிறான். ‘வந்துடுப்பா’ என்று சொல்லிவிடட்டுமா?
- ஒரு தாய்

பதில்: வேண்டாம்மா. ‘தைரியமா இரு’ என்றும் சொல்ல வேண்டாம், அவனுக்கு அது கோபத்தைத்தான் கிளப்பும். சாப்பிட்டானா, கால் வலி எப்படி, அடுத்த டெஸ்ட் என்றைக்கு என்று கேளுங்கள். சாப்பாடே இறங்கவில்லை, உயிர் வேண்டாம் என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே அவனுடைய ஸ்க்வாட்ரன் கமாண்டரிடம் பேசிவிடுங்கள்.