முஸ்லிம் அல்லாத 11 வயசுப் பையனுக்கு இஸ்லாம் பத்தி என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?

நீங்க கேட்டிருக்கறது, பையன் ஆறாவது படிக்கிறான், பக்கத்து பெஞ்சு ஃப்ரெண்டு நோன்பு வச்சதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்து கேள்வியா கேட்டுத் தள்றான், நாங்க முஸ்லிம் இல்ல, இஸ்லாமோட வரலாறும் கொள்கையும் அவனுக்குப் புரியற மாதிரி என்ன வாங்கலாம்னு. சரிதானே.

நான் கீழக்கரைக்காரன். எங்க வீட்ல இந்த மாதிரி புத்தகத்துக்குப் பஞ்சமே இல்ல. ஆனா உள்ளதைச் சொல்லணும்னா, தமிழ்ல சின்னப் பசங்களுக்குன்னு கிடைக்கிறதுல பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைங்களை மனசுல வச்சு எழுதுனதுதான். நபி பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள ஸல்னு இருக்கும், தோழர்கள் பேர் வந்தா ரலி, முந்தைய நபிமார்கள் பேர் வந்தா அலை. ஸல்னா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம், அவங்க மேல இறைவனோட அருளும் சாந்தியும் உண்டாகட்டும்னு ஒரு துஆ, அதாவது பிரார்த்தனை. எங்க பிள்ளைங்களுக்கு ஓதப் போற வயசுலயே அது பழகிடும், உங்க பையன் அதை இனிஷியல்னு நினைச்சுப்பான். அப்புறம் கலிமா (நம்பிக்கை உறுதிமொழி), தொழுகை, நோன்பு, ஜகாத் (ஏழைகளுக்குக் கொடுக்கற கட்டாய தர்மம்), ஹஜ் (மக்கா யாத்திரை)னு அஞ்சு கடமையும் வரிசையா வரும், அதை பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சுட்டு மறந்துடுவான்.

அதனால ஒரு ஆளோட பயணத்துல இருந்து ஆரம்பிங்கன்னுதான் நான் சொல்வேன். இப்னு பதூதா. மொராக்கோல தாஞ்சியர் ஊர்க்காரர், 1304ல பொறந்தவர், 1325ல, 21 வயசுல, ஹஜ்ஜுக்குப் போறேன்னு வீட்டை விட்டுக் கிளம்புனவர் சுத்தி முடிச்சு ஊர்ல தங்குறதுக்கு முப்பது வருஷம் கிட்ட ஆகிடுச்சு. ஜேம்ஸ் ரம்ஃபோர்டுன்னு ஒருத்தர் எழுதி அவரே படமும் வரைஞ்ச 'டிராவலிங் மேன்'னு ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருக்கு, 2001ல வந்தது, அதைத்தான் என் ராத்தா (அக்கா) மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன். கூடவே ஒரு உலக மேப்பை தரையில விரிச்சுப் போட்டு, ஸ்கெட்ச் பேனாவால ஊர் ஊரா கோடு இழுத்துக்கிட்டே படிச்சோம்.

கப்பல்ல போற இடம் வந்ததும் அவன் நிறுத்திட்டான். "மாமா, கப்பல் திரும்பிக்கிட்டே இருக்குமே, எந்தப் பக்கம் பாத்துத் தொழுவாங்க?" இத்தனைக்கும் அவன் தினமும் தொழுவுற பையன், அதுவரைக்கும் அந்தக் கேள்வி அவனுக்கு வந்ததே இல்ல. முடிஞ்ச வரைக்கும் மக்காவுல இருக்கற கஃபா பக்கம் பாக்கணும், தெரியலன்னா நல்லா யோசிச்சு ஒரு திசைய முடிவு பண்ணிக்கலாம், பயணத்துல இருக்கறவங்க லுஹர் (மதியம்), அஸர் (சாயங்காலம்), இஷா (ராத்திரி) தொழுகைகள்ல நாலு ரக்அத்தை, அதாவது நாலு சுற்றை, ரெண்டா சுருக்கிக்கலாம், சூரியன் மறைஞ்சதும் தொழுவுற மஃரிப் மட்டும் அப்படியே மூணுன்னு நான் சொல்லப் போக, ஏன் சலுகை, யார் குடுத்தாங்கன்னு போய் அரை மணி நேரம் ஆயிடுச்சு. கொள்கைன்னு நீங்க கேட்டீங்கல்ல, அது இப்படித்தான் உள்ள போகும்.

இன்னொன்னு, அவர் நம்ம பக்கமும் வந்திருக்கார். மாலத்தீவுல காஜியா, அதாவது நீதிபதியா, இருந்துட்டு, இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிட்டு, 1340கள்ல மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானிகிட்ட வந்து சேர்றார். ரெண்டு பேரும் சகலை வேற! அந்த சுல்தான் புடிச்ச கைதிகளை, பொம்பளைங்க குழந்தைங்கன்னு கூடப் பாக்காம கொன்னதை நேர்ல பாத்துட்டு, இப்படி ஒரு அசிங்கத்தை வேற எந்த ராஜாவும் செஞ்சு நான் கேள்விப்பட்டதில்ல, இதுக்காகத்தான் அல்லாஹ் அவனுக்கு சீக்கிரம் சாவைக் கொடுத்தான்ங்கற அர்த்தத்துல எழுதி வச்சிருக்கார். ஒரு முஸ்லிம், இன்னொரு முஸ்லிம் ராஜாவைப் பத்தி, அதுவும் சொந்தக்காரனைப் பத்தி. இது சின்னவங்க புத்தகத்துல வராது, நான் வாயால கொஞ்சம் பக்குவமா சொன்னேன். "நம்ம மதுரையா?"ன்னு ரெண்டு தடவை கேட்டான்.

வாங்கக் கூடாதது எதுன்னும் சொல்லிடறேன். உலகத்துல எல்லாத்தையும் முஸ்லிம்கள்தான் கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு வகை, பூஜ்யம் முதற்கொண்டு. 9ஆம் நூற்றாண்டுல பாக்தாத்ல இருந்த அல் குவாரிஸ்மியே இந்தியக் கணக்கு முறைன்னு சொல்லித்தான் அந்த எண்களைப் பத்தி எழுதினார், அவர் பேர்ல இருந்துதான் அல்காரிதம்ங்கற வார்த்தையே வந்தது, இந்த நிஜமே போதுமான சுவாரசியம்தானே, எதுக்கு கூட்டிச் சொல்லணும்? இன்னொரு வகை, அட்டையில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாளும் குதிரையும்தான். ரெண்டையும் எடுத்த இடத்துலயே வச்சுடுங்க.

நபி வரலாறு ரெண்டாவதா வாங்குங்க. கி.பி. 570 வாக்குல மக்காவுல பொறந்து, 622ல மதீனாவுக்கு ஹிஜ்ரத், அதாவது ஊரை விட்டு இடம்பெயர்ந்து, போய், 632ல இறந்தாங்க, இந்த மூணையும் தெளிவா சொல்லி, அனாதையா வளர்ந்ததையும் அவங்க மனைவி கதீஜா நாயகியையும், அடிமையா இருந்து தோழரான பிலாலையும் ஆற அமரச் சொல்ற புத்தகமா பாருங்க. ஒட்டகம், பேரீச்ச மரம், குகை எல்லாம் படமா இருக்கும், நபி படம் மட்டும் இருக்காது. ஏன்னு கேப்பான். உருவத்தை வரைஞ்சா நாளைக்கு அதையே வணங்க ஆரம்பிச்சுடுவாங்கன்ற பயம்தான் பெரிய காரணம். பழைய பாரசீக, துருக்கி ஓவியங்கள்ல சிலது வரைஞ்சிருக்காங்க, முகத்துல திரை போட்டும் வரைஞ்சிருக்காங்க, அதையும் மறைக்க வேண்டாம்.

நபி வரலாற்றைத் தமிழ்ல உமறுப்புலவர் பாடின காப்பியமான சீறாப்புராணம் இப்ப வேண்டாம், ஒன்பதாவது பத்தாவது வரட்டும். ஆனா அதுல அவர் அரபு நாட்டை வர்ணிக்கிற இடத்துல மழை பெய்யும், ஆறு ஓடும், வயல்ல நடவு நடக்கும், அப்படியே நம்ம ஊர்! அதை மட்டும் இப்பவே கதையா சொல்லுங்க, என் மருமகன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

சென்னையா இருந்தா மண்ணடிப் பக்கம் கடைகள்ல நேர்ல பாத்து வாங்குங்க, ஆன்லைன்ல அட்டையைப் பாத்து வாங்கி நான் ரெண்டு தடவை ஏமாந்திருக்கேன். பையனையும் கூட்டிட்டுப் போங்க, நடுவுல ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமா படிக்கச் சொல்லுங்க, நாலு வரிக்குள்ள மூணு தடவை "இதுக்கு என்னப்பா அர்த்தம்"னு நின்னான்னா அடுத்த புத்தகத்தை எடுங்க.