கயோட்டி மான் இனத்தைக் காலி செய்கிறதா? வேட்டைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் கிழக்கு, தென்கிழக்கு மாநிலங்களில் மான் வேட்டைக்குப் போகிறவர்களும், அதற்காக நிலம் குத்தகைக்கு எடுத்திருப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. கயோட்டி என்பது ஓநாயின் உறவான, அதைவிடச் சிறிய வட அமெரிக்கக் காட்டு விலங்கு. பதில்கள் வெள்ளைவால் மானைப் பற்றியவை. மேற்கு மாநிலங்களின் மியூல் மான் ஒரே ஒரு கேள்வியில் வருகிறது.

கேள்வி (சவுத் கரோலினா, 400 ஏக்கர் குத்தகை நிலம்): முன்பெல்லாம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் எட்டு மான் கண்ணில் படும். இப்போது இரண்டு பட்டாலே பெரிது. கிளப்பில் எல்லாரும் கயோட்டியைத்தான் திட்டுகிறார்கள். சரிதானா சார்?

திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. உங்கள் மாநிலத்திலேயே சவானா ரிவர் சைட் என்ற அரசு நிலத்தில் 2006 முதல் 2009 வரை ஆய்வாளர் ஜான் கில்கோவின் குழுவினர் 91 குட்டிகளுக்கு ரேடியோ காலர் மாட்டிப் பார்த்தார்கள். சினைமானின் பிறப்புப் பாதையில் சிறிய டிரான்ஸ்மிட்டர் ஒன்றை முன்கூட்டியே வைத்துவிடுவார்கள். குட்டி ஈனும்போது அது வெளியே விழுந்து, சூடு குறைந்ததும் சிக்னல் மாறும். அதை வைத்துப் பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டியைக் கண்டுபிடித்தார்கள். 16 வாரம் தாண்டியவை நாலில் ஒன்றுகூட இல்லை. செத்தவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றது கயோட்டி. யூகமாகச் சொல்லவில்லை, குட்டியின் உடலில் ஒட்டியிருந்த எச்சிலின் டிஎன்ஏவையும் சோதித்தார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். சவுத் கரோலினாவில் மான் வேட்டை உச்சம் தொட்டது 2002-ல், ஒரே சீசனில் மூன்று லட்சத்துக்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் பெண் மான்களைத் தாராளமாகச் சுட்டார்கள். இளம் பைன் தோட்டங்கள் வளர்ந்து மேலே மூடிக்கொண்டதால் தரையில் தீனியும் மறைவும் குறைந்தன. அந்த நேரத்தில் கயோட்டியும் பெருகியது. மூன்றும் சேர்ந்து வந்த சரிவு இது.

கேள்வி (பென்சில்வேனியா): மான் மோதி நடக்கும் கார் விபத்தைக் குறைக்க இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் கொடுத்து, வனவிலங்குத் துறை கயோட்டியைக் கொண்டுவந்து விட்டதாமே?

இல்லை. இந்தக் கதை கிழக்கில் எல்லா மாநிலத்திலும் உலவுகிறது. உங்கள் மாநில வேட்டை ஆணையம் பலமுறை மறுத்தும் ஓயவில்லை. ஓநாயும் கூகரும் (பூமா) ஒழிக்கப்பட்ட நிலத்தில் கயோட்டி மேற்கிலிருந்து தானே பரவியது. வரும் வழியில் ஓநாயோடும் நாயோடும் கலந்ததால்தான் கிழக்குக் கயோட்டி மேற்கத்தியதைவிடப் பருமன்.

ஆளே கொண்டுவந்து விட்டதும் நடந்திருக்கிறது. சவுத் கரோலினாவின் ஒக்கோனி, பிக்கன்ஸ் கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) 1978 வாக்கில் வேட்டை நாய் வைத்து ஓட்டி விளையாடுகிறவர்கள் சட்டவிரோதமாக இறக்கினார்கள். அதாவது விட்டவர்களும் வேட்டைக்காரர்களே. பிற்பாடு அதே மாநிலம் 16 கயோட்டிகளைப் பிடித்து, அடையாளத் தகடு மாட்டித் திரும்ப விட்டு, அவற்றில் ஒன்றைக் கொன்று கொண்டுவருபவருக்கு ஆயுள் முழுவதற்குமான வேட்டை லைசென்ஸ் என்று அறிவித்தது. வதந்திக்கு அதைவிடத் தீனி வேண்டுமா!

கேள்வி (ஒஹாயோ): கயோட்டியால் மான் எண்ணிக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஓர் ஆய்வு சொல்கிறது. நீங்கள் நாலில் மூன்று குட்டி போகிறது என்கிறீர்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், அளந்த பரப்பு வேறு. நீங்கள் சொல்வது 2019-ல் வந்தது. ஆறு கிழக்கு மாநிலங்களின் 384 கவுண்டிகளில் 1981 முதல் 2014 வரையான வேட்டைக் கணக்கை, கயோட்டி வருவதற்கு முன், வந்த பின் என்று ஒப்பிட்டார்கள். பெரிய பரப்பில் மான் எண்ணிக்கையைக் கயோட்டி கட்டுப்படுத்தவில்லை என்று முடிவு வந்தது. ஒஹாயோ போன்ற மக்காச்சோளம் விளையும் நாட்டில் வளர்ந்த பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். பாதி போனாலும் மந்தை தாங்கும். தென்கிழக்கின் மணற்பாங்கான பைன் காட்டில் அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. மாநிலத்தின் சராசரியில் தெரியாத அடி, ஒரு குத்தகை நிலத்தில் பளிச்சென்று தெரியும்.

கேள்வி (நியூயார்க், அடிரான்டாக்): வளர்ந்த மானையும் அடிக்குமா?

அடிக்கும். உங்கள் பக்கம் அதற்குத் தோதான காலம் பிப்ரவரி, மார்ச். ஆழமான பனியின் மேல் கெட்டியான ஓடு கட்டும்போது மானின் குளம்பு புதையும், கயோட்டி மேலேயே ஓடும். மானும் அப்போது மெலிந்திருக்கும். ஆனால் தின்ற சடலம் எல்லாம் கொன்ற சடலம் ஆகாது. காரில் அடிபட்டது, குண்டுபட்டுத் தப்பி ஓடிச் செத்தது, பட்டினியில் விழுந்தது எல்லாமே அதற்கு உணவு. எச்சத்தில் மான் முடி இருப்பதை மட்டும் வைத்து வழக்கு ஜோடிக்க முடியாது. தெற்கே சவானா ரிவர் சைட்டில் காலர் மாட்டிய வளர்ந்த பெண் மான்களைக் கயோட்டி கொல்லவில்லை. நார்த் கரோலினாவின் ஃபோர்ட் பிராக் ராணுவத் தளத்தில் கொன்றது பதிவாகியிருக்கிறது. தெற்கில் அது அபூர்வம்.

கேள்வி (ஜார்ஜியா): குட்டி செத்துக் கிடக்கிறது. கயோட்டியா, பாப்கேட்டா (காட்டுப்பூனை வகை), கரடியா என்று எப்படிச் சொல்வது?

முதலில் தோலை உரித்து உள்பக்கம் பாருங்கள். பல் பதிந்த இடத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது கடித்தது. கட்டவில்லை என்றால் செத்த பிறகு தின்றது. இதைப் பார்க்காமல் மற்றதைப் பார்த்துப் பயனில்லை.

கயோட்டி தொண்டையிலோ தலையிலோ கடிக்கும். சின்னக் குட்டி என்றால் மண்டை ஓட்டையே நொறுக்கிவிடும். கோரைப்பல் துளைகளுக்கு நடுவே ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் இடைவெளி இருக்கும். பாகங்களைப் பிய்த்துத் தனித்தனியாகப் புதைத்தும் வைக்கும். பாப்கேட்டின் பல் இடைவெளி அதைவிடக் குறுகல், தோளில் நகக்கீறல் கிடைக்கும், தின்றது போக மீதியை இலைச்சருகால் மூடிவிட்டுப் போகும். கரடி தோலை உள்வெளியாகப் புரட்டிவிடும், சுற்றிலும் செடிகொடி நசுங்கிக் கிடக்கும்.

கரடியை லேசாக எண்ணாதீர்கள். 2000, 2001-ல் பென்சில்வேனியாவில் 218 குட்டிகளுக்குக் காலர் மாட்டியபோது கரடியும் கயோட்டியும் ஏறக்குறையச் சம அளவில் கொன்றிருந்தன. ஆனாலும் பழி முழுக்கக் கயோட்டி மேல்தான். கரடி ஊளையிடுவதில்லையே!

கேள்வி (அலபாமா): அண்ணே, மான் சீசனில் ஸ்டாண்டில் (மானுக்காகக் காத்திருக்கும் மேடை) இருக்கும்போது கண்ணில் படுகிற கயோட்டியை எல்லாம் சுடுகிறோம். பிரயோஜனம் உண்டா?

குட்டிகளுக்கு, அநேகமாக இல்லை. நவம்பரில் சுட்ட இடத்தை அடுத்த கோடைக்குள் வேறொன்று நிரப்பிவிடும். கயோட்டிகளில் கணிசமானவை சொந்த எல்லை இல்லாமல் அலைகிறவை. காலியிடம் எங்கே என்று தேடுவதுதான் அவற்றின் வேலை. ‘சுடச்சுட அதிகம் பெருகும்’ என்ற பேச்சு மிகைப்படுத்தியது, அலைகிறவை வந்து நிரப்புவதே முதல் காரணம். 1975-ல் கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர்கள் போட்ட கணக்கின்படி ஆண்டுதோறும் 75 சதவீதத்தை விடாமல் ஐம்பது ஆண்டு கொன்றால்தான் இனம் அழியும். சுட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மான் பராமரிப்பு என்று கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி (முதலில் கேட்ட சவுத் கரோலினாக்காரர்): அப்படியானால் ட்ராப் (காலைப் பிடிக்கும் பொறி) போட்டால்? எப்போது, எப்படி?

காலம்தான் பாதி வெற்றி. குட்டி விழும் உச்சத்துக்கு முந்தைய ஆறு முதல் எட்டு வாரம். உங்கள் பக்கம் மே மாதம் உச்சம், எனவே மார்ச் நடுவிலிருந்து. (அலபாமாவின் பல இடங்களில் இனச்சேர்க்கை ஜனவரியில், குட்டி ஆகஸ்டில் விழும். அங்கே கணக்கே வேறு.) பெரும்பாலான மாநிலங்களில் அந்த நேரம் ட்ராப்பிங் சீசன் முடிந்திருக்கும். தனி அனுமதி வாங்கிய பிறகே தொடங்குங்கள்.

தாடை விரிவு ஐந்தரை அங்குலம் அளவுள்ள காயில் ஸ்பிரிங் ட்ராப் போதும். தாடைகளுக்கு நடுவே சிறு இடைவெளி விட்ட வகையாக இருந்தால் கால் காயம் குறையும். இரண்டு மண் பாதை சந்திக்கும் இடத்தில், காற்று வாடையைப் பாதைக்குக் கொண்டுவரும் பக்கமாக வையுங்கள். மூன்று அங்குல அகலத்தில், சாய்வாக, ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழத்தில் குழி தோண்டி அடியில் இரை வாடை வையுங்கள். குழி வாயிலிருந்து எட்டு ஒன்பது அங்குலம் தள்ளி, நடுக்கோட்டிலிருந்து ஓர் அங்குலம் ஒதுக்கி ட்ராப்பின் தட்டு (மிதித்ததும் தாடையை மூடவைப்பது) வர வேண்டும், ஏனென்றால் அதன் முன்கால் நேர்நடுவில் விழாது. தட்டு அழுந்த மூன்று பவுண்டு எடையாவது வேண்டும்படி இறுக்குங்கள், சின்னப் பிராணிகள் தப்பும். தட்டுக்கு அடியில் மண் புகாமல் மூடி போட்டு, மேலே சலித்த காய்ந்த மண் கால் அங்குலம். சங்கிலி குட்டையாக, இரண்டு மூன்று சுழலியோடு. முளை 18 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, மணல் என்றால் இரண்டைக் குறுக்காக அடியுங்கள். தினமும் விடிந்ததும் போய்ப் பார்ப்பது கட்டாயம்.

தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால். ட்ராப் ஆடுகிறது. தாடையின் ஓரத்தை மிதிக்கும்போது துளி அசைந்தாலும் கயோட்டி நின்று தோண்டி வெளியே எடுத்துப் போட்டுவிடும். மனித வாடை மேல் பழி போடுவதற்கு முன், ட்ராப்பின் நாலு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள். கயோட்டியின் கால் விரல்நுனி மட்டும் சிக்கினால் குழிக்கும் தட்டுக்கும் உள்ள தூரம் தவறு. மழைக்குப் பிறகு மண் இறுகிவிடும், பிரித்து மறுபடி வைக்க வேண்டியதுதான்.

இத்தனை செய்தும் என்ன கிடைக்கும்? சவானா ரிவர் சைட்டில் 2010 முதல் மூன்று ஆண்டில் 474 கயோட்டிகளை அகற்றினார்கள், அதுவும் சம்பளத்துக்கு வந்த ட்ராப்பர்களை வைத்து. முதல் ஆண்டு குட்டிகளில் பாதி பிழைத்தன. இரண்டாம் ஆண்டு பழைய நிலைக்கே விழுந்தது. மூன்றாம் ஆண்டு மறுபடி ஏறியது. உங்கள் 400 ஏக்கரோ ஒரு கயோட்டி ஜோடியின் எல்லையில் சிறு துண்டு. பக்கத்து நிலக்காரர்களும் சேர்ந்து சில ஆயிரம் ஏக்கரில் ஒரே நேரத்தில் போட்டால் முயற்சி செய்யலாம். தனியாக என்றால் அந்தப் பணத்தை வேறெதற்காவது செலவிடுங்கள்.

கேள்வி (அவரே): வேறெதற்கு?

பெண் மான் கணக்குக்கு. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில், குட்டி தாயோடு நடமாடத் தொடங்கிய பிறகு, 100 ஏக்கருக்கு ஒரு ட்ரெயில் கேமரா (விலங்கு வந்தால் தானே படமெடுப்பது) வீதம் இரண்டு வாரம் வையுங்கள். மானை வரவழைக்க மக்காச்சோளம் போடலாமா என்பதை மாநிலச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டிப் படங்களின் எண்ணிக்கையை வளர்ந்த பெண் மான் படங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். ஒரே ஆண்டை நம்பாமல் மூன்றாண்டுச் சராசரி எடுங்கள்.

விகிதம் 0.5, நிலத்தில் 20 பெண் மான் என்று வைத்துக்கொள்வோம். குட்டி பத்து, அதில் பெண் ஐந்து. கார், நோய், முதுமை என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று பெரியவை போகும். மந்தை குறையாமல் நீங்கள் சுடக்கூடியது இரண்டோ மூன்றோதான். கிளப்பில் ஆறு பேர், ஆளுக்கு இரண்டு டேக் (ஒரு மானுக்கு ஒன்று என்ற அனுமதிச் சீட்டு) என்றால் 12 வரை போகலாம். எட்டு மான் இரண்டானதற்குக் காரணம் அங்கேயும் இருக்கும். விகிதம் 1.0-க்கு ஏறினால் ஏழெட்டு சுடலாம். கயோட்டி வருவதற்கு முந்தைய டேக் கணக்கை வந்த பிறகும் வைத்திருப்பதே பல குத்தகை நிலங்களின் கோளாறு. இதைக் கிளப் கூட்டத்தில் சொன்னால் கைதட்டல் கிடைக்காது.

கேள்வி (டென்னசி): குட்டிக்கு மறைவு வளர்த்தால் பலன் உண்டா?

ஓரளவு. மறைவை ஒரே பெரிய திட்டாக விடாமல், பல சிறு திட்டுகளாகக் கலந்து வையுங்கள். காடு, புதர், வெட்டவெளி என்று கலவையான நிலத்தில் கயோட்டிக்குப் பலியாகும் குட்டிகள் குறைவு. இரண்டு மூன்று ஆண்டுச் சுழற்சியில் பகுதி பகுதியாகக் கட்டுப்பாட்டோடு தீ வையுங்கள். குட்டி விழும் மாதத்தில் பெரிய பரப்பை எரிக்கவோ வெட்டவோ வேண்டாம்.

கேள்வி (யூட்டா): இங்கே கயோட்டிக்குத் தலைக்கு 50 டாலர் தந்தார்களே, மியூல் மான் கூடியதா?

உங்கள் மாநிலத் திட்டம் 2012-ல் வந்தது. ஆனால் பக்கத்து ஐடஹோவில் 1997 முதல் 2003 வரை முறையாகச் சோதித்துப் பார்த்தாயிற்று. முயல் குறைந்த ஆண்டுகளில் மட்டும் கயோட்டியை அகற்றியதால் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. மான் மொத்த எண்ணிக்கை வளரவில்லை, அதைத் தீர்மானித்தது குளிர்காலம்.

கேள்வி (வெர்மான்ட்): கயோட்டி கொல்லும் போட்டிகளை இங்கே 2018-ல் தடை செய்தார்கள். வேட்டைக்காரர்கள் எல்லாரும் எதிர்த்தார்களா?

இல்லை, இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார், இன்று போட்டி, நாளை ட்ராப், அடுத்து வேட்டையே என்று பயப்படுகிறார்கள். இன்னொரு சாரார், பரிசுக்காகக் குவித்து வைத்த சடலங்களின் படம் ஊர் கண்ணில் வேட்டைக்கே கெட்ட பெயர் என்கிறார்கள். மாசசூசெட்ஸிலும் நியூயார்க்கிலும் தடை வந்தபோதும் இதே பேச்சு. மானுக்கு நல்லது என்ற வாதம் மட்டும் நிற்காது, போட்டிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் நடப்பவை.

கேள்வி (நியூ ஜெர்சி, வேட்டையாடாதவர்): முதுமலை செந்நாய் மாதிரியா இது?

எடை கிட்டத்தட்ட அதே அளவுதான். செந்நாய் பெருங்கூட்டமாக ஓடி வளர்ந்த புள்ளிமானையே வீழ்த்தும். கயோட்டி பெரும்பாலும் ஜோடியாகத் திரியும். எலி, முயல், பழம், செத்தது என்று எதையும் தின்னும், மான்குட்டி அதற்குச் சில வாரக் கொண்டாட்டம்.

கேள்வி (நார்த் கரோலினா, கிழக்குக் கடலோரம்): எங்கள் கவுண்டியில் கயோட்டி சுட ஏன் இத்தனை கெடுபிடி?

பியூஃபர்ட், டேர், ஹைட், டிரெல், வாஷிங்டன் இந்த ஐந்தில் ஒன்றாக இருக்கும். உலகிலேயே காட்டில் மிஞ்சியிருக்கும் செவ்வோநாய்கள் அங்கேதான் இருக்கின்றன. இளம் செவ்வோநாயும் கயோட்டியும் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் அங்கே கயோட்டிக்குத் தனி விதிகள் உண்டு. போகுமுன் மாநில ஆணையத்தின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் பாருங்கள். செவ்வோநாய்க்கு மாட்டும் ஆரஞ்சு காலர் தெரிந்தால் துப்பாக்கி விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். காலர் இல்லாததும் செவ்வோநாயாக இருக்கலாம், உருவம் சந்தேகமாக இருந்தால் சுடாதீர்கள்.