பில் எங்கே? கையால் கட்டிய கார்கள் பற்றி வாசகர் கேள்விகள்

போன மாதம் கிட் கார் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். சேஸ், பாடி, சஸ்பென்ஷன் என்று தனித்தனியாக வாங்கி, நாமே பூட்டிக் கட்டும் எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. கோவை, ஈரோடு, சேலம் பக்கமிருந்து இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. என்னிடமும் அப்படி ஒன்று பதினோரு வருஷமாக இருக்கிறது. அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கோபிசெட்டிபாளையம்: மாருதி 800 எஞ்சின் ஒன்று கைவசம் இருக்கிறது. ஸ்கொயர் டியூபில் சேஸ் அடித்து, ஃபைபர் பாடி போட்டு, பழைய 800-இன் ஆர்.சி.யிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்கிறார் பட்டறை அண்ணன். தோட்டத்துச் சாளையில் இடமும் இருக்கிறது. ஆரம்பிக்கலாமுங்களா?

கட்டலாம். ரோட்டில் ஓட்ட முடியாது. அந்த ஆர்.சி. அந்த 800-க்கு மட்டும்தான். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. புது வண்டியாகப் பதியலாமே என்றால், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126ஆம் விதிப்படி மாதிரி வண்டியைப் புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தில் தேற வைக்க வேண்டும். ஒரே ஒரு காருக்காக அந்தச் செலவைத் தாங்க முடியாது.

இங்கிலாந்தில் 1957இல் லோட்டஸ் செவன் என்ற கிட் கார் வந்தபோது, முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி உதிரியாக வாங்கினால் இல்லை. அதனால்தான் அங்கே வீட்டுக்கு வீடு கார் கட்டினார்கள். ஒற்றை வண்டியைச் சோதித்து அனுமதிக்கும் முறை இன்றைக்கும் அங்கே உண்டு. நம் ஆர்.டி.ஓ. ஆபீசில் அந்த வழி கிடையாது.

ஆனால் ஆசையை விட வேண்டாம். இதே மாருதி 800 எஞ்சினை வைத்துத்தான் 1980களின் இறுதியில் கோவையில் கரிவரதன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். செட்டிபாளையம் ரேஸ் டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. டிராக்குக்கு என்று கட்டுங்கள், மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். ரோட்டில்தான் ஓட்ட வேண்டும் என்றால், கம்பெனியே கட்டிப் பதிவு செய்து விற்ற பழைய வண்டியைத் தேடுங்கள். பட்டறை அண்ணன் பேச்சைக் கேட்டு ரோட்டில் எடுத்து, ஒரு விபத்து ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் நிற்காது. அன்றைக்கு அந்த அண்ணன் கூட நிற்க மாட்டார்.

ஈரோடு: ரோடு ஈரமே இல்லை, ஆனாலும் வளைவில் கார் வழுக்குகிறது. நாலு டயரும் புதுசு. காற்று சரியாக 32 வைத்திருக்கிறேன்.

32 உங்கள் வீட்டு மாருதிக்கு. 550, 600 கிலோ எடையுள்ள செவன் வகைக் காருக்கு 18 முதல் 20 போதும். உங்கள் வண்டிக் கையேட்டைப் பார்த்து வையுங்கள். பங்க்கில் பையன் கையில் விடாமல், சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள்.

அவிநாசி: சேஸும் பாடியும் செய்து தருவதாகச் சொன்ன பட்டறைக்கு 75,000 ரூபாய் அட்வான்ஸ், ஜிபேயில் அனுப்பினேன். மூன்று மாதம் என்றார்கள். எட்டு மாதம் ஆகிவிட்டது, இப்போது போனே எடுப்பதில்லை. வீட்டில் சொல்லவும் முடியவில்லை. எழுதி வாங்காதது என் தப்புதானே?

இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு போனை எடுக்காதவர் செய்தது தப்பு. முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள், பாதி பாரம் அதிலேயே இறங்கிவிடும்.

உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. ஜிபே பதிவு, வங்கி ஸ்டேட்மென்ட், வாட்ஸாப்பில் அவர்கள் அனுப்பிய படங்கள், "அடுத்த வாரம் ரெடிங்க" என்ற வாய்ஸ் மெசேஜ், எதையும் அழிக்காதீர்கள். 15 நாள் கெடு வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டு, ரசீதுடன் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பாதி விலை கொடுத்தவரும் நுகர்வோர்தான். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. வழக்குப் போடக் கெடு இரண்டு வருஷம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: "சாமான் ரெடி, மீதியை அனுப்புங்க" என்று திடீரென்று போன் வரும். நேரில் போய்ச் சாமானைத் தொட்டுப் பார்க்காமல் பத்து ரூபாய் கூட அனுப்பாதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.

திருப்பூர்: இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்குகிறது. பல்பு, ரிலே, பேட்டரி எல்லாம் மாற்றியாயிற்று.

ஃபைபர் பாடியில் கரன்ட் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயரைச் சேஸ் வரை இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டிப் பூட்டச் சொல்லுங்கள். பேட்டரி மாற்றியது வீண் செலவு.

கோவை, கணபதி: முன் சக்கரத்தைத் தாங்கும் ஹப், ஸ்டப் ஆக்சில் இரண்டையும் தெரிந்த லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் மிச்சம் என்றார்கள், சரி என்றேன். மூன்றே மாதத்தில் ஆக்சில் முறிந்துவிட்டது. நல்லவேளை, மெதுவாகத்தான் போனேன். "நீங்க ஓட்டுன விதம்" என்கிறார் பட்டறைக்காரர். 22,000 ரூபாய். என்ன செய்யலாம்?

உயிர் தப்பினீர்களே, அது போதும். முதலில் முறிந்த துண்டைப் பார்ப்போம். அதைத் தூக்கிப் போடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். முறிந்த முகத்தில் பாதி வழவழப்பாக, அலை அலையாகக் கோடு ஓடி, மீதி சொரசொரவென்று இருந்தால், விரிசல் பல நாளாக வளர்ந்து கடைசியில் ஒடிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே நாளில் வேகமாக ஓட்டியதால் வந்தது அல்ல அது. பெரும்பாலும் தடிமன் மாறும் தோள் பகுதியில் ரேடியஸ், அதாவது சின்ன வளைவு, விடாமல் கூர்மையாகக் கடைந்திருப்பார்கள். இல்லையென்றால் ஈஎன்24 என்ற உறுதியான எஃகு போட்டுப் பதம் ஏற்ற வேண்டிய இடத்தில், கிடைத்த இரும்பைப் போட்டிருப்பார்கள். கோவையில் இதைச் சோதித்துச் சொல்லும் மெட்டீரியல் டெஸ்டிங் லேப் இருக்கிறது. எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

இப்போது அந்தப் பில் விஷயம். இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன். நம் பக்கம் கடைக்குப் போனால் முதல் கேள்வியே "பில் போட்டா, பில் இல்லாமலா?" என்பதுதான். ஏதோ நமக்குச் சலுகை தருவது மாதிரி கேட்கிறார்கள். 22,000 ரூபாய்க்கு 18 சதவீதம் என்றால் 3,960 ரூபாய். அந்த 3,960 ரூபாய்க்கு நீங்கள் விட்டுக் கொடுத்தது என்ன தெரியுமா? யார் செய்தது, என்று செய்தது, எந்த இரும்பில் செய்தது, எதற்காகச் செய்தது, எல்லாவற்றையும். பில்லில் "ஸ்டப் ஆக்சில், ஈஎன்24, ஹீட் ட்ரீட்மென்ட் உட்பட" என்று ஒரு வரி இருந்திருந்தால் பட்டறைக்காரர் "ஓட்டுன விதம்" என்று வாய் திறந்திருக்க மாட்டார். அதைவிட முக்கியம், அப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாலே சரியான இரும்பைத்தான் போட்டிருப்பார்.

எனக்கும் இது நடந்தது. சஸ்பென்ஷனுக்கு ராட் எண்ட் (கம்பி முனையில் பூட்டும் உருண்டை மூட்டு) எட்டு, பில் இல்லாமல் வாங்கினேன். பெட்டி பெரிய கம்பெனிப் பெட்டி, உள்ளே இருந்தது போலி. 400 கிலோமீட்டரில் உருண்டை ஆடத் தொடங்கியது. திரும்பக் கொண்டுபோனேன். "இது எங்க கடைச் சாமானே இல்லைங்க" என்றார், போன வாரம் டீ வாங்கிக் கொடுத்து விற்ற அதே மனிதர். ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியவில்லை. வண்டியில் அன்று பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. இந்தக் கார்களில் ஏர்பேக் கிடையாது, சுற்றித் தகடு கிடையாது. நாலைந்து போல்ட்டும் வெல்டும்தான் உங்களைப் பிடித்திருக்கின்றன. அவற்றைப் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. விற்றுவிட்டுப் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று 2019ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. ஆகவே வழி முழுக்க அடைபடவில்லை. பணத்தை வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு, பட்டறையோடு பேசிய மெசேஜ், லேப் அறிக்கை மூன்றையும் வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். கையில் நோட்டாகக் கொடுத்திருந்தால் கஷ்டம்தான்.

சேலம்: சின்காரா ரோட்ஸ்டர் வைத்திருக்கிறேன். எஞ்சின் கேஸ்கெட் செட் எங்கும் இல்லை என்கிறார்கள். வெளிநாட்டில் வாங்க 40,000 ஆகுமாம்.

அது அம்பாசிடர் 1800-இல் வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சின். அம்பாசிடர் சாமான் வைத்திருக்கும் பழைய கடையில் கேளுங்கள். 40,000 கேட்டவர் கடைக்கு இனி போக வேண்டாம்.

பொள்ளாச்சி: பெங்களூரில் ஒருவரிடம் டூ சீட்டர், போட்டோவைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆறரை லட்சம் அனுப்பி லாரியில் வரவழைத்தேன். பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறது, என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று இல்லை, சேஸ் நம்பர் எங்கே என்றும் தெரியவில்லை. நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டிருந்தால் ஃபைனான்ஸ் இருப்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஒரு மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். ஆறரை லட்சத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்க்க முடியவில்லையா? இப்படி மாதம் நாலு கடிதம் வருகிறது, எனக்குப் பொறுமை போய்விட்டது.

சரி, வழி. வண்டியை வெளியே எடுக்காதீர்கள். சேஸ் நம்பரைத் தேடி ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பவுடர் கோட்டிங்குக்கு அடியில் மறைந்திருக்கலாம். அந்த இடத்தில் வெட்டி ஒட்டிய தடம் தெரிந்தால் அடுத்த வேலை போலீஸ் புகார்தான். நம்பர் சரியாக இருந்தால், கடன் முடிந்த கடிதமும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் விற்றவர் வாங்கித் தர வேண்டும். அதன் பிறகு படிவம் 28-இல் என்.ஓ.சி., அப்புறம் இங்கே வரி, பெயர் மாற்றம். விற்றவர் வியாபாரி இல்லை, சொந்த வண்டியை விற்ற தனி மனிதர் என்றால் நுகர்வோர் ஆணையம் உதவாது. சிவில் கோர்ட்தான்.

அந்தக் கண்ணாடிப் பெயின்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் காரையும் பெயின்ட்டைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆறு மாதம் கழித்து சீட்டைக் கழற்றியபோது, பின் சஸ்பென்ஷன் பூட்டும் இடத்தில் வெல்ட் விட்டிருந்தது. அதன் மேல் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். சேஸை முழுக்கப் பிரித்துத் திரும்ப வெல்ட் செய்ய, வாங்கிய விலையில் பாதி ஆனது. இப்போது யாருக்காக வண்டி பார்க்கப் போனாலும் ஒரு டார்ச்சும் சின்னக் காந்தமும் எடுத்துப் போகிறேன். இரும்புக் குழாயில் காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. ஃபைபரில் காந்தம் வேலை செய்யாது, காசால் தட்டிப் பாருங்கள். டொக்கென்று மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது.

கரூர்: காருக்குள் பெட்ரோல் நாற்றம். கார்புரேட்டரில் மஞ்சளாகப் பிசின் மாதிரி வருகிறது. மெக்கானிக் மூன்று தடவை கழுவிவிட்டார்.

கார்புரேட்டரை விடுங்கள், டேங்கைப் பாருங்கள். உங்களுடையது ஃபைபர் டேங்க் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ஃபைபர் டேங்கின் ரெசினை எத்தனால் இளக்கிவிடும், அந்தப் பிசின்தான் வருகிறது. பழைய ரப்பர் ஹோஸும் விரிசல் விடும், நாற்றம் அதனால்தான். அலுமினியத்திலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ புது டேங்க், எத்தனால் தாங்கும் ஹோஸ், புது கிளிப். அது வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், மூடிய ஷெட்டுக்குள்ளும் நிறுத்தாதீர்கள்.

தாராபுரம்: போன மாதம் "புது ஸ்டாக்" என்று வாங்கிய டயரில் 1418 என்று இருக்கிறது. திரும்பக் கேட்டால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்.

2018ஆம் வருஷம் 14ஆம் வாரம் செய்த டயர். ரப்பர் கட்டியாகியிருக்கும், எடை குறைந்த காரில் அது சீக்கிரம் சூடும் ஆகாது, பிடிக்கவும் பிடிக்காது. பில்லில் எதை அச்சடித்தாலும் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம்தான். புதுசு என்று சொல்லி விற்றதும் அப்படியே. டயரின் நம்பரைப் படம் எடுத்து, பில் நகலோடு நோட்டீஸ் அனுப்புங்கள். பில் வாங்கி வைத்தீர்களே, நல்லது.

காங்கேயம்: டிராஃபிக்கில் நின்றால் எஞ்சின் சூடு ஏறுகிறது. ரேடியேட்டருக்கு எங்கள் போர் தண்ணிதான் ஊற்றுகிறோம்.

அந்த உப்புத் தண்ணி உள்ளே படிந்து அடைத்திருக்கும். சிறுவாணித் தண்ணியே ஆனாலும் வேண்டாம். ரேடியேட்டரைக் கழுவிவிட்டு, கலந்து வரும் கூலன்ட்டை ஊற்றுங்கள். ஃபேன் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

நாமக்கல்: ஸ்பீட் பிரேக்கரில் முன் மூக்கு உடைந்தது. இன்சூரன்ஸ்காரர் ஃபைபர் என்று 30 சதவீதம் கழித்தார். ஏமாற்றுதானே?

இல்லை. ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதத் தேய்மானம் பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பவானி: அப்பா இறந்து ஒரு மாதம் ஆகிறது. அவர் 1999இல் வாங்கிய சான் ஸ்டார்ம் கார் ஷெட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைப்பார். ஆர்.சி. முடிந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர், "பழைய இரும்புக் கணக்குதான் வரும், 30,000 தர்றேன்" என்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது. கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. துக்க வீட்டுக்கு ஒரு மாதத்தில் விலை பேச வந்தவர், அதன் மதிப்புத் தெரியாமல் வரவில்லை. அது நம் நாட்டில் மிகக் குறைவாகவே வந்த வண்டி, 1149 சிசி ரெனோ எஞ்சின். பாடி ஃபைபர், துருப்பிடிக்காது. அடியில் இருக்கும் இரும்பைத்தான் பார்க்க வேண்டும்.

இறந்தவர் வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரியுங்கள். 20 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய், அது போகப் பசுமை வரி, ஃபிட்னஸ் சோதனை. விற்க அவசரம் எதுவும் இல்லை. பேட்டரி வயரைக் கழற்றி வைத்து, பழைய பெட்ரோலை வடித்துவிடச் சொல்லுங்கள். அப்பா வைத்திருந்த பில், சர்வீஸ் நோட்டு எதுவாக இருந்தாலும் ஒரு பையில் போட்டு வையுங்கள், விலையில் பாதி அதில்தான் இருக்கிறது. விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம். "ஓட்டிப் பார்த்துட்டுத் தர்றேன்" என்று அந்தத் தெரிந்தவர் கேட்பார், அது வரை சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.