கார்மின் கருவி காட்டும் எண்ணும் போன் மேப் காட்டும் எண்ணும் ஒத்துப்போகவில்லையே, ஒன்றை இன்னொன்றாக எப்படி மாற்றுவது?

கேட்டவர் மலையேற்றத்துக்குப் போகிறவர். கையில் பழைய கார்மின் (நிற்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணாகக் காட்டும் ஜிபிஎஸ் கருவி), சட்டைப்பையில் போன். ஒரே பாறையில் நின்றாலும் இரண்டும் வேறு வேறு எண் காட்டுகின்றன, எதை நம்புவது என்கிறார்.

இரண்டையும் நம்பலாம். ஒருவர் "இரண்டரை மணி நேரம்" என்கிறார், இன்னொருவர் "இரண்டு மணி முப்பது நிமிடம்" என்கிறார், அவ்வளவுதான். 2.5 மணியை 2 மணி 50 நிமிடம் என்று நாம் யாரும் படிப்பதில்லை. ஆனால் மேப் என்று வந்தால் அதே தப்பைச் செய்கிறோம். நானே செய்திருக்கிறேன்.

திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் நடந்தது. எப்போதும் எங்களைக் கூட்டிப்போகும் அண்ணன் அந்தத் தடவை வரவில்லை. ஒரு சுனை இருக்கும் இடத்தைத் தன் கார்மினைப் பார்த்துத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: 10°14.45', 77°59.30'. நான் அந்தப் புள்ளிகளைக் கண்டுகொள்ளாமல், 10 டிகிரி 14 நிமிடம் 45 விநாடி, 77 டிகிரி 59 நிமிடம் 30 விநாடி என்று போனில் போட்டேன். மேப்பும் காட்டுக்குள்ளேயேதான் ஓர் இடத்தைக் காட்டியது. பக்கத்தில் ஓடை மாதிரி ஒரு கோடு வேறு. சந்தேகமே வரவில்லை. போய்ப் பார்த்தால் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடிப் புதர். தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய காலி. டவர் கிடைக்கும் மேடு வரை ஏறி போன் போட்டதும் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, நடுவுல புள்ளி வச்சியா?"

கணக்கைப் பாருங்கள். மணியைப் போலவே ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. 14.45 நிமிடத்தில் இருக்கும் .45 என்பது நிமிடத்தின் பின்னம். 60-ஆல் பெருக்கினால் 27 விநாடி. நான் போட்டது 45, அதாவது 18 விநாடி கூடுதல். அட்சரேகையில் ஒரு விநாடி சுமார் 31 மீட்டர் என்பதால் வடக்கே 550 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விட்டேன். தீர்க்கரேகையில் .30 என்றால் 18 விநாடி, நான் போட்டது 30. அது கிழக்கே 360 மீட்டர் சொச்சம். நேர்க்கோட்டில் மொத்தம் 660 மீட்டர். ரோட்டில் அது பத்து நிமிட நடை. குறுக்கே ஒரு பள்ளம் இருக்கும் மலையில் அரை நாள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கார்மின் கைக்கருவிகள் வழக்கமாக டிகிரியும் தசம நிமிடமுமாகக் காட்டும். போன் மேப் தசம டிகிரியாகக் காட்டும். கார்மினிலிருந்து போனுக்கு மாற்ற நிமிடத்தை 60-ஆல் வகுத்து டிகிரியோடு சேருங்கள். 14.45 ÷ 60 = 0.24083, ஆக 10.24083. அதேபோல் 59.30 ÷ 60 = 0.98833, ஆக 77.98833. போனிலிருந்து கார்மினுக்கு என்றால் தசமப் பகுதியை மட்டும் எடுத்து 60-ஆல் பெருக்கினால் நிமிடம் வந்துவிடும். விநாடியும் வேண்டுமென்றால், நிமிடத்தின் தசமப் பகுதியை இன்னொரு முறை 60-ஆல் பெருக்குங்கள். ஜாதகத்தில் பாகை, கலை, விகலை பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதே இல்லை, அங்கேயும் அறுபதுதான்.

பெரிய தப்பு நம்மைக் காப்பாற்றிவிடும். 10.2408 என்பதை 10°24.08' என்று படித்தால் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் வடக்கே போய், மேப் திண்டுக்கல் டவுனையும் தாண்டிய இடத்தைக் காட்டும். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போட்டால் வடதுருவத்துப் பக்கம் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பக்கத்துக் கடலில் நிற்பீர்கள். பார்த்ததும் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வோம். தசம நிமிடத்தை விநாடியாகப் படிப்பதுதான் ஆபத்து. அதே மலை, அதே காடு, சில நூறு மீட்டர்தான் வித்தியாசம், அதனால் கண்ணில் படாது. ஓர் அடையாளம் சொல்கிறேன்: புள்ளிக்குப் பின்னால் 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது விநாடியாக இருக்கவே முடியாது. மூன்று இலக்கம் இருந்தாலும் அப்படித்தான். என் சீட்டில் 45, 30 என்று இருந்தது என் கெட்ட நேரம்.

இந்தத் தசம நிமிடத்தை யார் கண்டுபிடித்தது என்று எரிச்சல் வரலாம். கடலில் போகிறவர்களுக்கு அதுதான் வசதி. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஏறக்குறைய ஒரு கடல் மைல், 1852 மீட்டர். பாக் நீரிணையில் எல்லை வகுத்த 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தத்திலும் புள்ளிகளை இப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒரு புள்ளியின் அட்சரேகை 9°21.80', அடுத்ததற்கு 9°13.0'. கழித்தால் 8.8. தெற்கே 8.8 கடல் மைல் என்று படகிலிருந்தே சொல்லிவிடலாம், கால்குலேட்டர் தேவையில்லை.

கணக்கே வேண்டாம் என்றால் கூகுள் மேப் தேடல் பெட்டியில் 10 14.45, 77 59.30 என்று இடைவெளி விட்டு அடியுங்கள், அதுவே புரிந்துகொள்ளும். இல்லாவிட்டால் கார்மின் செட்டிங்கில் பொசிஷன் ஃபார்மட்டைத் தசம டிகிரிக்கு மாற்றிவிடுங்கள். நான் வீட்டிலேயே மாற்றிக்கொண்டுதான் கிளம்புவேன், காட்டில் நெட் இருக்காது.

பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாளிலிருந்து எண் எடுப்பதானால் மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. பூமியின் வடிவத்தை எப்படி எடுத்துக்கொண்டு அளக்கிறோம் என்பதற்கு டேட்டம் என்று பெயர். அந்தத் தாள்கள் எவரெஸ்ட் 1830 என்ற பழைய அடிப்படையில் வரையப்பட்டவை, ஜிபிஎஸ் கருவியோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு அடிப்படையில் ஓடுகிறது. கணக்கைச் சரியாகப் போட்டாலும் நூறு மீட்டருக்கு மேல் விலகும். கருவியின் மேப் டேட்டம் செட்டிங்கையும் பார்த்துவிடுங்கள்.

அண்ணன் இப்போதெல்லாம் வாட்ஸாப்பில்தான் எண் அனுப்புகிறார். 10.24083, 77.98833 என்று ஐந்து தசம இடம் வரை, ஏனென்றால் ஐந்தாவது இடம் ஒரு மீட்டர் அளவு. கீழே எனக்காகவே ஒரு வரி சேர்ப்பார்: "இது முழுக்க டிகிரி. விநாடி இல்ல தம்பி."