அகராதியில் கிடைக்காத பிரேசில் அரசியல் சொற்கள்

பிரேசிலின் போர்ச்சுகீசிய மொழி அரசியல் பதிவுகளில் வரும் 'பெத்ரோலாவுன்', 'துயிதாசு', 'பெத்ரால்யா' அகராதியில் கிடைக்கவில்லை, எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள். முழுச் சொல்லைத் தேடாமல் விகுதியைப் பாருங்கள்.

'ஆவுன்' பெரியதைக் குறிக்கும் விகுதி. 2005இல் எம்.பி.க்களுக்கு மாதாமாதம் பணம் போனதாகப் புகார் வெடித்தது. மாதாந்திரம் என்ற பொருளுள்ள 'மென்சல்' இந்த விகுதியோடு சேர்ந்து 'மென்சலாவுன்' ஆனது. அதிலிருந்து அந்த விகுதிக்கே ஊழல் வாடை ஒட்டிக்கொண்டது. அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸின் ஊழல் வெளிவந்ததும் 'பெத்ரோலாவுன்' என்றார்கள், எல்லோருக்கும் உடனே புரிந்தது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இதுதான்.

'ஆசு' கூட்டுப் போராட்டத்துக்கு. பாத்திரம் தட்டினால் 'பனெலாசு', ட்விட்டரில் திரண்டு பதிவிட்டால் 'துயிதாசு'.

'பெத்ரால்யா' விஷயத்தில் மட்டும் கவனம். பிரேசில் தலைவர் லூலாவின் தொழிலாளர் கட்சியின் பெயர்ச்சுருக்கமான 'பெதே'யோடு (PT) டிஸ்னி காமிக்ஸின் திருட்டுக் கும்பலான 'மெத்ரால்யா' சகோதரர்களை ஒட்டிய வசை அது. அக்கட்சிக்காரரைச் சாதாரணமாகச் சொல்ல 'பெதிஸ்தா' இருக்கிறது. மொழிபெயர்க்கும்போது இரண்டையும் ஒன்றாக்கினால் எழுதியவர் எந்தப் பக்கம் என்பதே மறைந்துவிடும்.

அப்புறம், போர்ச்சுகல் பதிவில் 'ஜெரிங்கோன்சா' வந்தால் அகராதி ஓட்டை உடைசல் இயந்திரம் என்று சொல்லும். அங்கே அது 2015இல் இடதுசாரிகளின் ஆதரவோடு அமைந்த அந்தோனியோ கோஸ்டா அரசு.